மொக்கு ஏன் மலரவில்லை?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், மல்லிகை சாகுபடி செய்யும் உறுப்பினர்களுக்கும் பூப்பறிக்கும் உறுப்பினர்களுக்கும் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாத சகோதரிகளுக்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்கவும்.)



போன மாதம் குழுக்களுக்குப் போகும்போது உள்கடன் பதிவேட்டைப் பார்த்தோம். கடன் வாங்கிய காரணம் என்ற இடத்தில் "மருந்து வாங்க", "பூச்சி மருந்துக்கு", "மல்லிக்கு மருந்து" என்று திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. படிப்புச் செலவுக்குக் கடன் வாங்கினால் பிள்ளை படிக்கும். மாடு வாங்கினால் பால் கறக்கும். மருந்துக்கு வாங்கின கடனுக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்டேன். ஒரு அக்கா சொன்னாங்க, "என்னத்தம்மா கெடைக்க? அடிச்சோம், மறுபடியும் மொக்கு செவந்துதான் நிக்குது." அதனாலதான் இந்தக் கூட்டத்துல இதைப் பேசணும்னு முடிவு செஞ்சோம்.

மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரியும். மதுரை, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்கள்ல எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தச் செடிதான் சோறு போடுது. நிலம் இருக்கிறவங்க பூ விற்கிறாங்க. நிலம் இல்லாதவங்க பறிக்கிறாங்க, கட்டுறாங்க, தெருவுல கூவி விக்கிறாங்க. ஒரு மொக்கு மலராம கருகினா இத்தனை பேர் கையில இருந்து காசு போகுது. அதுனால இது தோட்டக்காரங்க பிரச்சினை மட்டும் இல்ல, நம்ம எல்லாருடைய பிரச்சினையும்தான்.

மொக்கு எப்படி மலருது?

முதல்ல இதைப் புரிஞ்சுக்கணும். மொக்குக்குள்ள இதழெல்லாம் மடிஞ்சு சுருண்டு இருக்கு. செடி அந்த இதழுக்கு இனிப்புச் சத்தைக் கொண்டு போய்ச் சேர்க்குது. அந்தச் சத்து தண்ணியை இழுக்குது. தண்ணி ஏறி இதழ் ஊதி, மடிப்பு விரிஞ்சு பூவாகுது. விடியக்காலம் நாம பறிக்கிற குண்டுமல்லி மொக்கு சாயங்காலம் தானா விரியறதும் இதனாலதான். செடியில இருக்கும்போதே அது தனக்கு வேண்டியதைச் சேர்த்து வச்சிருச்சு.

அப்படின்னா மொக்கு மலராததுக்கு மூணு காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, சத்து சேர்றதுக்கு முன்னாடியே பறிச்சிருக்கணும். ரெண்டு, செடிக்கே சத்தும் தண்ணியும் இல்லாம இருக்கணும். மூணு, உள்ளே இருக்கிற இதழை யாரோ தின்னுக்கிட்டு இருக்கணும். இந்த மூணுல எதுன்னு தெரியாம மருந்து வாங்கினா, காய்ச்சலா வயித்துவலியான்னு தெரியாம மாத்திரை முழுங்கின கதைதான்.

தட்டுல போட்டுப் பாருங்க

எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். வீட்டுல இருக்கிற எவர்சில்வர் தட்டு ஒண்ணு, ஒரு ஊசி போதும். காலையில தோட்டத்துல அங்கங்கே இருந்து சிவந்த மொக்கு, சப்பிப்போன மொக்கு, வாடின மொக்கு என்று இருபது மொக்கு எடுத்துக்குங்க. தட்டுல வச்சு ஊசியால நீளவாக்குல கிழிச்சுப் பாருங்க.

• மொக்கின் மேல ஓட்டை இருக்கு, உள்ள ஒரே ஒரு புழு, தலை மட்டும் கறுப்பா இருக்கு, பக்கத்துல எச்சம் இருக்குன்னா அது மொட்டுப்புழு. உள்ளிருக்கும் பாகத்தைத் தின்னுட்டு அடுத்த மொக்குக்குப் போயிடும். அது புகுந்த மொக்கு ஊதா நிறமா மாறும். தாக்குதல் அதிகமானா மொக்குகளை நூலாம்படை மாதிரி சேர்த்துக் கட்டியிருக்கும்.

• வெளியில ஓட்டை எதுவும் இல்ல, ஆனா மொக்கின் அடிப்பக்கம் வீங்கியிருக்கு, செவந்து குட்டையா நிக்குதுன்னா மொக்கு ஈயைச் சந்தேகப்படணும். கிழிச்சா அடியில ரொம்பச் சின்னதா, வெள்ளையா, சில சமயம் மஞ்சளா பல புழுக்கள் நெளியும். தட்டுல விட்டா வளைஞ்சு துள்ளும். கொசுவைவிடச் சின்ன ஈ ஒண்ணு மொக்குக்குள்ள முட்டை வச்சதால வந்த புழு இது. இதழின் அடியில இருந்து சாறை உறிஞ்சறதால மொக்கு வளராம காய்ஞ்சு உதிரும்.

• புழு இல்ல, ஆனா மொக்கைத் தட்டினா மெல்லிசான சிலாம்பு மாதிரி பூச்சிகள் ஓடுதுன்னா அது இலைப்பேன். இதழைச் சுரண்டிச் சாறு குடிக்கும். ஓரம் பழுப்பாகி மொக்கு சுருங்கும்.

• இலையிலும் தண்டிலும் மொக்கிலும் வெள்ளையா கம்பளி ஒட்டின மாதிரி இருக்குன்னா அது கண்ணுக்கே தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேன். பூச்சி மருந்து எல்லாம் இதைக் கட்டுப்படுத்தாது. நனையும் கந்தகத் தூளை ஒரு லிட்டர் தண்ணிக்கு 2 கிராம் கலந்து, வெயில் தணிஞ்ச பிறகு தெளிக்கணும்.

• கிழிச்சுப் பார்த்தும் உள்ளே ஒண்ணுமே இல்லையா? அப்போ பூச்சி மருந்து வாங்கவே வேண்டாம். காரணம் வேற.

பூச்சி இல்லாத காரணங்கள்

பிஞ்சு மொக்கு: முகூர்த்த நாள், விலை ஏறின நாள் வந்தா எடை கூடணும்னு முத்தாத மொக்கையும் சேர்த்துப் பறிச்சிடறோம். அது மலராது. சரம் கட்டினா சாயங்காலம் பச்சையா அப்படியே நிக்கும். வாங்கினவங்க மறுநாள் வந்து சண்டை போடுவாங்க. நாளைக்கு முழு எடையோட வர வேண்டிய மொக்கை இன்னைக்குக் கால் எடைக்கு வித்ததுதான் மிச்சம்.

தண்ணி: பத்து நாள் காயப்போட்டு, அப்புறம் ஒரே நாள்ல வரப்பு முட்டப் பாய்ச்சினா செடிக்குத் தாங்காது. வேர் காய்ஞ்ச நேரத்துல இதழுக்கு ஏற வேண்டிய தண்ணி ஏறாது. மொக்கு சிறுத்து உதிரும். தேங்கி நின்னாலும் வேர் அழுகும். கொஞ்சமா, முறையா விடறதுதான் சரி. வீட்டு வாசல்ல தொட்டியில மல்லி வச்சிருக்கிறவங்க, மொக்கு உதிருதுன்னா முதல்ல விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க.

நிழல்: மல்லிக்கு நல்ல வெயில் வேணும். தென்னைக்கு நடுவுல, வீட்டுச் சுவர் ஓரத்துல நிழல் விழுந்தா தழை வரும், மொக்கு வராது.

யூரியா: செடி கருகருன்னு இருக்கணும்னு யூரியாவை அள்ளிப் போடறோம். தழைச்சத்து மட்டும் கூடினா செடி தழையத்தான் பார்க்கும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்ற அளவு, செடிக்கு வருஷத்துக்கு மக்கிய தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம். இதைக் கவாத்து முடிஞ்சதும் ஒரு பாதி, ஜூன்-ஜூலையில ஒரு பாதின்னு பிரிச்சுப் போடணும். பாருங்க, மத்த ரெண்டு சத்துல பாதிதான் தழைச்சத்து. நாம போடறது தலைகீழா இருக்கு.

இரும்புச் சத்து: குருத்து இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்புச் சத்து குறைவு. சுண்ணாம்பு அதிகமான மண்ணுல இது வரும். அன்னபேதி உப்பு ஒரு லிட்டருக்கு 5 கிராம், அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் கலந்து, பச்சை திரும்பும் வரைக்கும் மாசம் ஒரு தடவை தெளிக்கலாம்.

பனிக்காலம்: மார்கழி, தையில மொக்கு சிறுத்துக் குறையறது இயற்கை. அந்த நேரம் விலை உச்சத்துல இருக்கறதால மனசு கேக்காம மருந்தும் டானிக்கும் அடிக்கிறோம். குளிருக்கு மருந்து எந்தக் கடையிலயும் இல்ல.

அடிச்சும் ஏன் கேக்கல?

சரி, பூச்சிதான்னு தெரிஞ்சுது, மருந்தும் அடிச்சோம். ஏன் கேக்க மாட்டேங்குது? இதை நல்லா கவனிங்க.

மொக்கு ஈயோட புழு மூடின மொக்குக்குள்ள உக்காந்திருக்கு. மேல அடிக்கிற மருந்து மொக்கின் முதுகுலதான் படும். வீட்டுக்கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருக்கிறவனுக்குத் திண்ணையில தண்ணி தெளிச்ச மாதிரி. செவந்த மொக்கைப் பார்த்த பிறகு அதுக்கு மருந்து அடிக்கிறது வீண். அந்த மொக்கு திரும்பப் பூவாகப் போறதும் இல்ல.

அப்புறம் அந்தப் புழு என்ன பண்ணுது? முழுசா வளர்ந்ததும் மொக்கை விட்டு மண்ணுல விழுது. செடிக்கு அடியிலயே மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவா கிடந்து, ஈயா வெளியே வந்து, மறுபடியும் புது மொக்குல முட்டை வைக்குது. இந்தச் சுற்று முடிய மூணு, நாலு வாரம் ஆகும். மொட்டுப்புழுவும் மண்ணுலதான் கூட்டுப்புழு ஆகுது. ஆக, நாம மேலே அடிக்கிறோம். பூச்சி கீழே இருந்து வருது.

இன்னொரு விஷயம். பறிக்கும்போது செவந்த மொக்கு கையில வந்தா என்ன பண்றோம்? கிள்ளி அந்தப் பாத்தியிலயே போட்டுடறோம். அதாவது புழுவைப் பத்திரமா அது போக வேண்டிய இடத்துக்கே கொண்டு போய் விடறோம்.

நாலாவது, மூணு நாலு மருந்தை ஒண்ணாக் கலந்து அடிக்கிறது. தோட்டத்துல புழுவைத் தின்கிற சிலந்தி, குளவி, பொறிவண்டு எல்லாம் இருக்கு. முதல்ல சாகிறது அதுங்கதான். அதுங்க செத்ததும் சிலந்திப்பேன் பெருகும். அதுக்கு ஒரு மருந்து. இப்படியே பாட்டில் கூடிக்கிட்டே போகும்.

என்ன செய்யலாம்?

ஒண்ணு, ரெண்டு பை. பறிக்கும்போது மடியில ஒரு பை நல்ல மொக்குக்கு, இடுப்புல ஒரு சின்ன பாலிதீன் பை கெட்ட மொக்குக்கு. செவந்தது, ஓட்டை விழுந்தது, வீங்கினது எதையும் தரையில போடக்கூடாது. கீழே உதிர்ந்து கிடக்கிறதையும் வாரம் ரெண்டு தடவை பொறுக்கணும். பையை இறுக்கிக் கட்டி ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல போட்டா புழு வெந்துடும். இல்லைன்னா கொதிக்கிற தண்ணியை ஊத்துங்க. குப்பைக்குழியில அப்படியே கொட்டினா பிரயோஜனம் இல்ல.

ரெண்டு, மண்ணைக் கிளறணும். செடிக்கு அடியில மேல் மண்ணை லேசாக் கொத்திவிட்டா கூட்டுப்புழு வெளியே வரும். வெயில்ல காயும், கோழியும் குருவியும் கொத்தும். வேர் அறுபடாம கொத்தணும். களையும் போகும்.

மூணு, கவாத்து. நவம்பர் கடைசி வாரத்துல தரையில இருந்து 50 சென்டிமீட்டர், அதாவது ஒண்ணேமுக்கால் அடி உயரத்துல வெட்டணும். காய்ஞ்ச குச்சி, நோய் பிடிச்ச கிளையை எல்லாம் எடுத்துடணும். வெட்டின கழிவைத் தோட்டத்து மூலையிலேயே குவிச்சு வைக்கக் கூடாது. செடிக்குள்ள வெயிலும் காத்தும் போனாத்தான் பூச்சி தங்காது.

நாலு, வேப்பங்கொட்டைக் கரைசல். மொக்கு செவந்த பிறகு இல்ல, மொக்கு அரும்பும்போதே தெளிக்கணும். 100 லிட்டர் கரைசலுக்கு வேப்பம் பருப்பு 5 கிலோ வேணும். பருப்பை இடிச்சுத் துணியில கட்டி 10 லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறப் போடணும். காலையில நல்லாப் பிசைஞ்சு, ரெண்டு மடிப்புத் துணியில வடிகட்டி, தண்ணி சேர்த்து 100 லிட்டர் ஆக்கணும். இலையில ஒட்டறதுக்குச் சோப்புக் கரைசல் சேர்க்கணும். பத்து லிட்டர் டேங்கு ஒண்ணுதான் வேணும்னா பருப்பு அரைக்கிலோ. பறிப்பு முடிஞ்ச நாள்ல, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கணும். வெயில்ல அடிச்சா அதோட வீரியம் சீக்கிரம் போயிடும். அன்னன்னைக்குக் கரைச்சதை அன்னைக்கே தீர்த்துடணும். வேம்பு பூச்சியை அடிச்ச உடனே கொல்லாது. தின்ன விடாது, முட்டை வைக்க விடாது. அதனால ஒரு தடவை அடிச்சுட்டு "கேக்கலையே"ன்னு விட்டுடக் கூடாது.

இங்கே ஒண்ணு சொல்லணும். ஆனி, ஆடியில நாமதான் வேப்பமுத்து பொறுக்கறோம். மூட்டை போட்டு வியாபாரிக்கு விக்கிறோம். அப்புறம் அதே வேம்பைப் பாட்டில்ல அடைச்சு வந்தா காசு கொடுத்து வாங்கறோம்! நிழல்ல உலர்த்தி, பூசணம் பிடிக்காம சணல் சாக்குல கட்டி வச்சா, மூணு மாசத்துக்கு மேல, எட்டு மாசத்துக்குள்ள அது நல்ல வீரியத்தோட இருக்கும். ஆடியில சேர்த்தா ஐப்பசியில இருந்து பங்குனி வரைக்கும் கவலை இல்ல. மல்லிக்கு மொக்கு கட்டத் தொடங்குற காலம் அதுக்குள்ள வந்துடும்.

அஞ்சு, எல்லாரும் சேர்ந்து செய்யணும். உங்க தோட்டத்தைச் சுத்தம் பண்ணிட்டீங்க, வரப்புக்கு அந்தப் பக்கம் பண்ணலைன்னா ஈ வரப்பைப் பார்த்துத் திரும்பிப் போகாது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரங்க ஒரே வாரத்துல பொறுக்கணும், ஒரே வாரத்துல கொத்தணும். குழுவா இருக்கிற நமக்கு இது கஷ்டம் இல்ல.

இவ்வளவும் செஞ்சு அடங்கலைன்னாதான் ரசாயன மருந்து. அதையும் கடைக்காரர் சொல்றதை மட்டும் வச்சு வாங்காதீங்க. கிழிச்ச மொக்கோட தோட்டக்கலை உதவி அலுவலரைப் பாருங்க. 1800-180-1551 என்ற இலவச உழவர் அழைப்பு மையத்துக்குப் போன் போட்டா தமிழ்லயே பேசுவாங்க. மருந்து வாங்கினா ரசீது கேளுங்க.

பறிக்கிற கைக்கு யார் பொறுப்பு?

சகோதரிகளே, இதுவரைக்கும் மொக்கைப் பத்திப் பேசினோம். இப்போ கையைப் பத்திப் பேசணும்.

மல்லி தினமும் பறிக்கிற பூ. ராத்திரி மூணு மணிக்கு, நாலு மணிக்கு நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டுப் போறோம். முந்தின நாள் சாயங்காலம் மருந்து அடிச்சிருந்தா அந்த இலையெல்லாம் பனியில நனைஞ்சு, நம்ம கையில, சேலையில, முழங்கை வரைக்கும் படுது. மொக்கைக் கிள்ளுற வேலைக்குக் கையுறை ஒத்துவராது. அதே கையால வெத்தலை போடறோம், டீ கிளாஸைப் பிடிக்கிறோம், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறோம். தலைவலி, கண் எரிச்சல், குமட்டல், கைத் தினவு என்று எத்தனை பேர் சொல்றீங்க. "தூக்கம் இல்லாததுதான் காரணம்"னு நாமளே சமாதானம் சொல்லிக்கிறோம்.

மருந்து பாட்டில்ல சாய்சதுரமா ஒரு அடையாளம் இருக்கும். அதுல கீழ்ப்பாதி என்ன நிறம்னு பாருங்க. படிக்கத் தெரியாதவங்களும் நிறம் பார்க்கலாம். சிவப்புன்னா மிகக் கொடிய விஷம். மஞ்சள்னா அதுக்கு அடுத்த கடும் விஷம். நீலம் நடுத்தரம். பச்சை இருக்கறதுலயே குறைவு. பச்சைன்னாலும் அது விஷம்தான், கஷாயம் இல்ல. அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுவடைன்னு சீட்டுல போட்டிருக்கும். அதுக்கு முன்னாடி தோட்டத்துல கை வைக்கக் கூடாது.

யாருக்காவது மருந்து பட்டு மயக்கம் வந்தா, உடனே சேலையை மாத்தி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்க. மருந்து பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. என்ன விஷம்னு தெரிஞ்சாத்தான் டாக்டர் சரியான வைத்தியம் பார்க்க முடியும். மீதி மருந்தை அடுப்படியிலயும் பரண்லயும் வைக்காதீங்க. வீட்டுல ஒரு சண்டை, ஒரு கோபம் வந்தா கைக்கெட்டுற தூரத்துல விஷம் இருக்கக் கூடாது. தோட்டத்துலயே பூட்டி வையுங்க.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு தோட்டம். தினமும் 4 கிலோ மொக்கு வர வேண்டிய தோட்டம்னு வச்சுக்குங்க. நூத்துக்கு 15 மொக்கு கெட்டுப்போனா ஒரு நாளைக்கு 600 கிராம் போச்சு. முப்பது நாளைக்கு 18 கிலோ. கிலோ 300 ரூபாய்னாலும் 5,400 ரூபாய். இதுக்கு மேல வாரம் 600 ரூபாய்க்கு மருந்துன்னா நாலு வாரத்துக்கு 2,400 ரூபாய். ரெண்டும் சேர்ந்து 7,800 ரூபாய். அந்த மருந்துக் காசும் குழுக்கடன்னா வட்டி தனி. பறிக்கிற அக்காவுக்கு 18 கிலோவுக்கான கூலியும் போச்சு. உங்க தோட்டத்துக்கு உங்க எண்ணைப் போட்டு இதே கணக்கைப் பாருங்க. நூறு மொக்கு எண்ணி, எத்தனை கெட்டதுன்னு வாரம் ஒரு தடவை நோட்டுல எழுதுங்க. கூடுதா குறையுதான்னு அப்போதான் தெரியும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"மேடம், எங்களுக்குக் கிலோ கணக்குலதான் கூலி. கெட்ட மொக்கைத் தனியாப் பொறுக்கிக்கிட்டு நின்னா எங்க கூலியில்ல கொறையும்?"

நல்ல கேள்வி அக்கா. இதை நிலம் வச்சிருக்கிற சகோதரிகள்தான் பதில் சொல்லணும். கெட்ட மொக்குப் பையையும் எடை போட்டு, அதே கூலி கொடுங்கன்னு நான் கேட்டுக்கறேன். மருந்துக் கடைக்குக் கொடுக்கிற காசுல ஒரு பங்கைப் பறிக்கிறவங்க கையில கொடுங்க. வேலையும் நடக்கும், காசும் ஊருக்குள்ளேயே இருக்கும். (இதன் மீது நீண்ட விவாதம் நடந்தது. கெட்ட மொக்கும் எடையில் சேரும் என்று நிலமுள்ள உறுப்பினர்கள் ஒரு பருவத்துக்கு ஒப்புக்கொண்டனர்.)

"பூக்கடைக்காரர்கிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்கோம். ஒரு நாள் பூ அனுப்பலைன்னாலும் கோவிச்சுக்குவாரு. மருந்து அடிச்சா ரெண்டு மூணு நாள் எப்படிப் பறிக்காம இருக்கிறது?"

அதனாலதான் கடும் விஷத்துக்குப் போகாம, அரும்பும்போதே வேம்புல ஆரம்பிக்கணும்னு சொல்றது. வேற வழியே இல்லாம ரசாயனம் அடிச்சா, தோட்டத்தை ரெண்டு மூணு பாகமாப் பிரிச்சுக்குங்க. ஒரு பாகத்துல அடிச்சா மத்த பாகத்துல மட்டும் பறிங்க. அட்வான்ஸ் பிடியில இருந்து விடுபடறதைப் பத்தி அடுத்த கூட்டத்துல தனியாப் பேசுவோம். கூட்டமைப்புக் கடன் அதுக்குப் பயன்படணும், மருந்துக்கு இல்ல.

"புதுசா நடப் போறேன். எப்பவும் ராமேஸ்வரம் பக்கத்து நாத்துதான் வாங்குவோம். அதுல பூச்சி வருமா?"

தங்கச்சிமடம் பக்கத்து நாத்து பேர் போனதுதான். எங்க வாங்கினாலும் குருத்து, இலை அடிப்பக்கம், வேர் மூணையும் பார்த்து வாங்குங்க. நடும்போது ஒண்ணேகால் மீட்டருக்கு ஒண்ணேகால் மீட்டர், அதாவது நாலடிக்கு நாலடி இடைவெளி விடுங்க. நெருக்கி வச்சா உள்ளே காத்துப் புகாது, பறிக்கிறவங்களும் நுழைய முடியாது.

"மாமியார் காலத்துல எல்லாம் இப்படி மொக்கு செவக்கலையேம்மா?"

உங்க மாமியார் உதிர்ந்த மொக்கைப் பாத்தியிலயே விட்டாங்களா, தினமும் தோட்டத்தைக் கூட்டினாங்களான்னு வீட்டுல கேட்டுப் பாருங்க. பதிலை அடுத்த கூட்டத்துல வந்து எல்லாருக்கும் சொல்லுங்க.

கூட்டத்தில் எடுத்த தீர்மானங்கள்

1. மல்லிகைத் தோட்டம் உள்ள உறுப்பினர்கள் வாரம் ஒரு நாள் மொக்கைக் கிழித்துப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை கெட்டது என்று குழு நோட்டில் எழுத வேண்டும்.

2. பறிப்பவர்கள் இரண்டு பை கொண்டு போக வேண்டும். கெட்ட மொக்கும் கூலி எடையில் சேரும்.

3. ரசாயன மருந்து அடித்த தோட்டத்தின் வாசலில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி அவிழ்க்கும் வரை யாரும் பறிக்கப் போகக் கூடாது, யாரையும் அனுப்பவும் கூடாது.

4. வரும் ஆனி, ஆடியில் ஒவ்வொரு குழுவும் தன் தேவைக்கான வேப்பமுத்தைச் சேர்த்து வைத்த பிறகே மீதியை விற்க வேண்டும்.

5. மருந்துக்கு உள்கடன் கேட்டு வந்தால், என்ன பூச்சி என்று கண்டறிந்த பிறகே கடன் வழங்க வேண்டும்.

சகோதரிகளே, நாம பறிக்கிற பூ சாமி கழுத்துக்கும் போகுது, கல்யாணப் பொண்ணு தலைக்கும் போகுது. அதைப் பறிக்கிற கை விஷம் படாம இருக்கணும், அதுல வர்ற காசு கடனுக்கே போகாம இருக்கணும். இது நடக்கணும்னா முதல் வேலை செலவில்லாதது. நாளைக்குக் காலையில ஒரு தட்டும் ஒரு ஊசியும் எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்குப் போங்க. என்ன பார்த்தீங்கன்னு அடுத்த கூட்டத்துல வந்து சொல்லுங்க.